கொப்பரையும் நெய்த்தேங்காயும்: விமான நிலைய வரிசையில் மாறும் விதிகள்

2024 அக்டோபர் கடைசியில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் இருமுடியில் உள்ள தேங்காயைக் கையோடு விமானத்துக்குள் எடுத்துச் செல்லலாம். 2025 ஜனவரி 20 வரை இந்தச் சலுகை. எக்ஸ்ரே, வெடிமருந்துத் தடயம் பார்க்கும் கருவி, கையால் பிரித்துப் பார்ப்பது என மூன்று சோதனைகளையும் கடக்க வேண்டும். மாலை போட்டவர்கள் மகிழ்ந்தார்கள். மாலை போடாதவர்கள் பலருக்கு, தேங்காய் அதுவரை கைப்பையில் தடை செய்யப்பட்ட பொருளாக இருந்தது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டு விசேஷம் எதுவும் தேங்காய் உடைக்காமல் தொடங்காத ஊர் நம்முடையது. அன்னூரிலிருந்து சத்தி சாலையில் கோவில்பாளையம், குரும்பபாளையம் கடந்து, காளப்பட்டி வழியாகப் பீளமேடு விமான நிலையத்துக்கு வருகிற வரைக்கும் வழியெங்கும் தென்னை. அந்த மரத்தின் காயை ஏன் விமானத்தில் ஏற்றக்கூடாது என்று ஒருவர் கேட்டால் அதை வீம்பு என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பதில் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு பதில்கள். வரிசையில் நிற்பவருக்கு இரண்டையும் யாரும் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல்.

முதல் பதில் கொப்பரையைப் பற்றியது. காங்கயம், வெள்ளகோவில், முத்தூர் வட்டாரத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நன்றாகக் காய்ந்த கொப்பரையின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய். ஈரம் முழுக்க வற்றாத பருப்பை மூட்டை கட்டிக் காற்றில்லாத இடத்தில் குவித்தால் உள்ளே சூடேறும். அதனால்தான் களத்தில் பரப்பிப் புரட்டிப் புரட்டிக் காயவைக்கிறார்கள், மழை இருட்டினால் ஓடி வந்து அள்ளுகிறார்கள். இதே சங்கதிதான் உலக அளவிலான ஆபத்துப் பொருள் பட்டியலிலும் எழுதப்பட்டிருக்கிறது. கொப்பரைக்கு ஐ.நா. எண் 1363; தானாகத் தீப்பற்றக்கூடியவை என்ற 4.2ஆம் பிரிவில் அதற்கு இடம். பயணி கையிலும் கொண்டு போக முடியாது, சரக்கறைக்குப் போகும் பெட்டியிலும் போட முடியாது. பாஸ்பரஸ் உட்கார்ந்திருக்கும் அதே பிரிவில் நம் கொப்பரையும் உட்கார்ந்திருக்கிறது என்பது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் காரணம் உண்மையானது.

இரண்டாவது பதில் முழுத் தேங்காயைப் பற்றியது. அதற்குத் தீப்பற்றும் குணம் கிடையாது. அங்கே கேள்வி, ஓட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது. இருமுடியில் போகும் நெய்த்தேங்காயை நினைத்துப் பாருங்கள். குடுமி எடுத்து, கண்ணைத் துளைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, உருக்கிய நெய்யை நிரப்பி, தக்கையால் அடைத்திருப்பார்கள். எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும், கரிமப் பொருள் ஆரஞ்சு நிறத்திலும் தெரியும். நெய் கரிமப் பொருள். பெரும்பாலான வெடிமருந்துகளும் கரிமப் பொருள்தான். கெட்டியான ஓட்டுக்குள் அடர்த்தியாக ஓர் ஆரஞ்சுக் குழம்பு தெரிந்தால், திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதை நெய் என்று நம்பிக் கடத்திவிட முடியாது. (நெய் சொட்டும் கோவை மைசூர்பாவும் திரையில் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். பெட்டியைப் பிரிக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஆக, கொப்பரைத் தடை தீ பற்றியது, தேங்காய்த் தடை வெடிமருந்து பற்றியது. விதித்த துறை வேறு, காரணம் வேறு, தீர்வும் வேறு. முதலாவதற்கு விலக்குத் தர வழியில்லை. இரண்டாவதற்குக் கூடுதல் சோதனை போதும். அதைத்தான் 2024 உத்தரவு செய்தது. 2022 நவம்பரிலும் இதே போன்ற அனுமதி வந்தது. 2025 கடைசியிலும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஜனவரி 20 என்றே முடிவு தேதி. மகரவிளக்கு முடிந்து நடை சாத்தும் கணக்கு அது. ஆனால் சபரிமலை நடை ஒவ்வொரு மலையாள மாதப் பிறப்பிலும் திறக்கிறது, விஷுவுக்கும் திறக்கிறது. கார்த்திகையில் பாதுகாப்பாக இருந்த தேங்காய் சித்திரையில் எப்படி ஆபத்தாகிறது? கருவிகள் அதேதான், சோதிப்பவர்களும் அவர்களேதான். சலுகை என்ற பெயரில் வந்திருக்கிறதே தவிர இது இன்னும் விதியாகவில்லை. அன்னூர்க்காரர் பெரும்பாலும் வேனில் பாலக்காடு வழியாகப் போய்விடுவார். புனேயிலோ ஹைதராபாத்திலோ வேலை பார்க்கும் அவர் மகன் அங்கேயே குருசாமியிடம் முடி கட்டி, கொச்சிக்கு விமானம் ஏறுவான். தலையை விட்டு இறக்கத் தயங்கும் முடியை ரப்பர் பெல்ட்டில் வைக்கச் சொன்னால் வருகிற சங்கடம் அவனுக்குத்தான்.

நெய்த்தேங்காயைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. விமான நிலைய விதிகள் மீது சனங்களுக்கு இருக்கும் எரிச்சல் முழுக்கவும் இந்த ஒரு காய்க்குள் அடங்கியிருக்கிறது. வரிசையில் காக்கி உடுப்போடு நிற்பவர் ஒருவர். அவர் வாயில் வரும் விதிகளுக்கு எஜமானர்கள் பலர். பாதுகாப்பு விதிகளை வகுப்பது பி.சி.ஏ.எஸ். எனப்படும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். தீப்பற்றும் பொருள், பேட்டரி போன்றவை டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் கையில். கைப்பை ஏழு கிலோ என்பது விமான நிறுவனத்தின் கணக்கு. இறங்கப் போகும் நாட்டுக்கென்று தனி நிபந்தனைகள் உண்டு. இவை எதையும் வகுக்காமல் நிறைவேற்ற மட்டும் செய்பவர்கள் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர். திட்டு வாங்குவது அவர்கள்.

அன்னூர்ப் பக்கத்துத் தம்பதியர், மகளின் பிரசவம் பார்க்க அமெரிக்காவுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து சியாட்டில். அம்மா மூட்டை கட்டுகிறார்: பருப்புப்பொடி, மஞ்சள்தூள், வீட்டில் உருக்கிய நெய், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், பிரசவ லேகியம், பழநி பஞ்சாமிர்தம். அப்பா தன் பங்குக்கு ஒரு பவர் பேங்க் வைக்கிறார். நெய்யும் எண்ணெயும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். லேகியம்? பஞ்சாமிர்தம்? புவிசார் குறியீடு வாங்கிய பழநி பஞ்சாமிர்தம் சர்வதேச விமான விதியின் கண்ணில் திரவக் கணக்கில் சேரும், ஏனென்றால் திரவம் என்ற சொல்லுக்குள் களிம்பு, கூழ், பசை எல்லாவற்றையும் அந்த விதி அடக்கிவிடுகிறது. பிரசாதம் என்று சொன்னாலும் டப்பா நகராது.

பொடிக்கு இன்னொரு கதை. 2018 ஜூன் 30 முதல், அமெரிக்காவுக்குள் வரும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடியைக் கைப்பையில் கொண்டு வந்தால் கூடுதல் சோதனை. பொருள் இன்னதென்று தீர்மானிக்க முடியாவிட்டால் அது உள்ளே போகாது. இந்தச் சோதனை நடப்பது கடைசியாக ஏறும் நிலையத்தில். அதாவது கோவையில் தடையில்லாமல் வந்த பருப்புப்பொடி சிங்கப்பூரில் மாட்டலாம். "ஏனுங்க, ஊர்ல பாத்துத்தானுங்க உட்டாங்க" என்று அம்மா சொல்லுவார். அவர் சொல்வது முழு உண்மை. அங்கே நிற்பவர் சொல்வதும் முழு உண்மை.

பவர் பேங்க் எதிர்த்திசையில் போகிறது. லேகியத்தைப் பெட்டியில்தான் போட வேண்டும், கையில் கூடாது. பவர் பேங்கைக் கையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் கூடாது. திரவத்துக்கு அச்சம் விமானத்துக்குள் கலந்து வெடிக்க வைப்பார்களோ என்பது. லித்தியம் பேட்டரிக்கு அச்சம் சரக்கறையில் பற்றினால் யார் அணைப்பது என்பது. இருக்கைக்குப் பக்கத்தில் புகைந்தால் பணிப்பெண் பார்ப்பார், தண்ணீர் ஊற்றுவார். 100 வாட்-மணி வரையுள்ள பேட்டரிக்குத் தனி அனுமதி தேவையில்லை. கடையில் விற்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் அந்த வரம்புக்குள் வந்துவிடும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தரையில் நின்றபடியே எரிந்த பிறகு இந்த விதிகள் மேலும் இறுகின. அந்த ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், கோவைக்கு வந்து போகும் ஸ்கூட்டும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை போட்டன. எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல் போட்டது. கொண்டு போகலாம், ஆனால் போனை மாட்டக்கூடாது! அப்பாவுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

சோதனையே வேண்டாம் என்று இந்தப் பகுதியில் யாரும் சொல்லப் போவதில்லை. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களைப் பறிகொடுத்த நகரம் கோவை. பையைத் திறந்து காட்டு என்பது அதன்பிறகு இங்கே பழகிப்போன வார்த்தை. விமான விதிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒரு தேதி இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்துக்கென்று கொண்டுவரப்பட்டு, பயணி ஏறாமல் விட்டுப்போன பெட்டிகள் வெடித்து முப்பது பேர் அளவுக்குச் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மேல் வெடித்து 329 பேர் போனார்கள். அங்கேயும் பெட்டி ஏறியது, பெட்டிக்காரர் ஏறவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விமானம் ஏறியவர்களுக்கு நினைவிருக்கும்: ஓடுதளத்து வெயிலில் வரிசையாக வைத்திருக்கும் பெட்டிகளில் தன்னுடையதைத் தொட்டு அடையாளம் காட்டினால்தான் அது உள்ளே போகும், அதன் பிறகுதான் படியேற விடுவார்கள். அந்த வழக்கம் எப்போது நின்றது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. விதிகள் வரும்போது மட்டுமல்ல, போகும்போதும் சொல்லிக்கொண்டு போவதில்லை.

பி.சி.ஏ.எஸ். பிறந்த கதையும் இதே வகைதான். 1976 செப்டம்பர் 10 அன்று இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டது. அதையொட்டி அமைந்த பாண்டே குழுவின் பரிந்துரையால் 1978 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ.வுக்குள் ஒரு பிரிவாகத் தொடங்கி, கனிஷ்காவுக்குப் பிறகு 1987 ஏப்ரல் 1 அன்று தனித் துறையானது. 1999 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஐ.சி. 814 காந்தகாருக்குக் கடத்தப்பட்டதைத் தொடர்ந்து, 2000 பிப்ரவரி 3 அன்று ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையங்கள் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் பொறுப்புக்கு வந்தன. 2001 டிசம்பரில் அமெரிக்கா போகும் விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவர் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்துப் பிடிபட்டார். 2006 முதல் அந்த நாட்டில் எல்லாரும் ஷூவைக் கழற்ற வேண்டியதாயிற்று. 2025 ஜூலை 8 அன்று அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஒருவர் செய்த காரியத்துக்கு ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டு கோடிக்கணக்கான கால்கள் வெறுங்காலாக நடந்தன.

இந்தியாவின் சோதனைக்கென்று ஒரு குணம் உண்டு. பல நாடுகளில் உலோகம் கண்டறியும் வாசல் ஒலித்தால்தான் ஆளைத் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் ஒவ்வொருவரையும் கைக்கருவியால் தடவிப் பார்ப்பார்கள். பெண்களுக்குத் திரைக்குப் பின்னே தனி இடம். பார்த்ததற்கு அத்தாட்சியாக முத்திரை. கைப்பையில் தொங்கும் அட்டையில் அந்த முத்திரை விழாமல் விமான வாசல் வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வந்தவர்கள் எத்தனையோ பேர். 2017 ஏப்ரல் 1 முதல் தில்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் உள்ளிட்ட ஏழு நிலையங்களில் கைப்பை முத்திரை நின்றது. மற்ற ஊர்களில் பிறகு படிப்படியாக. அந்த இடைக்காலத்தில் ஒரு நிலையத்தில் கட்டாயமாக இருந்தது இன்னொன்றில் தேவையற்றது. அட்டையைத் தேடித் தவிக்கும் வெளியூர்க்காரரைப் பார்த்து உள்ளூர்க்காரர் சிரித்த காலம்.

விதி எந்த மொழியில் பேசுகிறது என்பது தமிழ்நாட்டுப் பயணிக்குத் தனிப் பிரச்சினை. 2020 ஆகஸ்ட் 9 அன்று சென்னை விமான நிலையத்தில் கனிமொழி, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசும்படி ஒரு மத்திய தொழில் பாதுகாப்புப் படை அதிகாரியிடம் கேட்டபோது, நீங்கள் இந்தியரா என்ற கேள்வி திரும்பி வந்ததாக அவர் வெளியிட்டார். படை விசாரணைக்கு உத்தரவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு இது செய்தியாகிறது. சாமி கும்பிடப் போகிற கிழவிக்கு இது செய்தியாவதில்லை. அவர் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமலே பையைத் திறந்து காட்டுகிறார்.

உடம்பைப் பற்றிய விதிகளில் மொழிப் பிரச்சினையைவிட ஆழமான காயம் இருக்கிறது. 1981இல் திருச்சி அருகே பேருந்து விபத்தில் காலை இழந்து, செயற்கைக் காலோடு மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரன், 2021 அக்டோபரில் பிரதமரிடம் காணொளி வழியே முறையிட்டார். வெடிமருந்துத் தடயக் கருவியால் சோதியுங்கள் என்று எத்தனை முறை கேட்டாலும், ஒவ்வொரு பயணத்திலும் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்றார். மத்திய தொழில் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. மறுமாதம் கடந்து டிசம்பர் 1 அன்று, செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கவனிக்க வேண்டியது: அவர் சோதிக்காதே என்று கேட்கவில்லை. தேங்காய்க்குக் கிடைத்த அந்தக் கருவியைத்தான் தன் காலுக்கும் கேட்டார்.

இரண்டு நாட்டு விதிகள் ஒரே இடத்தில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அப்துல் கலாம் சம்பவமே சாட்சி. 2009 ஏப்ரல் 21 அன்று தில்லியில் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் அவரைச் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கு விலக்கு உண்டு என்கிறது பி.சி.ஏ.எஸ். பட்டியல், அமெரிக்கா போகும் விமானத்தில் விலக்கே கிடையாது என்கிறது அமெரிக்க விதி. ஜூலையில் விஷயம் நாடாளுமன்றத்தில் வெடித்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கலாம் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. எனக்கென்னவோ அந்தச் சம்பவத்தில் விலக்குப் பட்டியல் இருப்பதுதான் உறுத்துகிறது, கலாமைச் சோதித்தது அல்ல. எல்லாரையும் தடவிப் பார்க்கும் நாட்டில் சிலரை மட்டும் தொடக்கூடாது என்று சுவரில் எழுதி வைத்தால், வரிசையில் நிற்பவர் அதைத்தான் முதலில் படிப்பார்.

காரணம் புரியாத இறுக்கங்கள் சில உண்டு என்றாலும், காரணம் சொல்லி இறுக்கினால் நம் ஆட்கள் முணுமுணுப்பதில்லை. 2025 மே 8 அன்று, எல்லைப் பதற்றம் உச்சத்தில் இருந்தபோது, நாட்டின் எல்லா நிலையங்களிலும் விமானப் படிக்கட்டருகே இரண்டாவது சோதனை என்று பி.சி.ஏ.எஸ். உத்தரவிட்டது. பார்வையாளர்கள் உள்ளே வரத் தடை. மூன்று மணி நேரம் முன்னதாக வாருங்கள், 75 நிமிடத்துக்கு முன் செக்-இன் மூடப்படும் என்று நிறுவனங்கள் அறிவித்தன. மக்கள் வந்தார்கள், நின்றார்கள். குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டி வருகிற கெடுபிடியும் அப்படித்தான். அதே ஆள்தான், சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, போன மாதம் போன பொருள் இந்த மாதம் ஏன் போகாது என்று கேட்டுச் சண்டைக்கு நிற்கிறார்.

பாதுகாப்புத் துறைக்குச் சொல்ல ஒரு வாதம் இருக்கிறது, அது வலுவானதும்கூட. எல்லாவற்றையும் முன்கூட்டியே வெளியிட்டால் தீங்கு நினைப்பவர் அதற்கேற்பத் திட்டமிடுவார். சோதனை கணிக்க முடியாததாக இருப்பதே பாதுகாப்பு. ஒப்புக்கொள்கிறேன், பாதி வரை. யாரை எப்போது நிறுத்துவோம், எந்தக் கருவியை எங்கே வைப்போம் என்பவை ரகசியமாக இருக்கட்டும். எதை மூட்டை கட்டலாம் என்பது ரகசியமாக இருந்து யாருக்கும் லாபமில்லை. தீங்கு நினைப்பவர் அதைத் தேடித் தெரிந்துகொள்வார். தெரியாமல் வந்து நெய் டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவது பிரசவம் பார்க்கப் போகும் அம்மாதான்.

இனி வரும் ஆண்டுகளில் குழப்பம் கூடத்தான் செய்யும், ஏனென்றால் விதியைக் கருவிகள் முடிவு செய்யத் தொடங்கிவிட்டன. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுப்பதுபோல் பையை எல்லாப் பக்கமும் படம் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவை இருக்கும் இடத்தில் மடிக்கணினியை வெளியே எடுக்க வேண்டியதில்லை, 100 மில்லி வரம்பும் அவசியமில்லை. ஆனால் ஐரோப்பாவில் இதன் வரலாறு சிரிப்பூட்டுவது. புதிய கருவி வாங்கிய சில நிலையங்கள் வரம்பைத் தளர்த்தின. 2024 ஜூன் மாதம் பிரிட்டனின் சிறு நிலையங்களில் வரம்பு திரும்பி வந்தது. செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வந்தது. 2025 ஜூலையில் அங்கீகரிக்கப்பட்ட கருவிகளுக்கு மட்டும் மறுபடி தளர்ந்தது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கியும் பயணி சின்னப் பாட்டிலோடுதான் வந்தார்.

இந்தியாவில் முழு உடல் ஸ்கேனர் பொருத்த 2019 ஏப்ரலில் பி.சி.ஏ.எஸ். சுற்றறிக்கை அனுப்பியது, கெடு தள்ளித் தள்ளிப் போனது. கோவைக்கும் ஒருநாள் இவையெல்லாம் வரும். முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜியாத்ரா 2024 செப்டம்பர் 6 அன்றே வந்துவிட்டது. முகம் போகும் வேகத்துக்குப் பை போவதில்லை, அவ்வளவுதான். சி.டி. கருவி வரும்போது ஒரு வரிசையில் இருக்கும், பக்கத்து வரிசையில் இருக்காது. ஒரே நிலையத்தில் இரண்டு விதி நடக்கும்.

அதைச் சமாளிக்கப் பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. டிக்கெட் எடுத்தவுடன் பயணிகள் சாசனத்தின் இணைப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டும் என்று 2025இல் டி.ஜி.சி.ஏ. விமான நிறுவனங்களுக்குச் சொன்னது. நிறுவனங்கள் அனுப்புகின்றன. அதே செய்தியில், ஏறும் ஊரின் மொழியில், இந்தத் தேதியில் இந்தப் பாதையில் கையில் எது, பெட்டியில் எது, எதிலுமே கூடாதது எது என்று நான்கு வரி சேர்க்கச் சொல்ல டி.ஜி.சி.ஏ.வுக்கும் பி.சி.ஏ.எஸ்.ஸுக்கும் அதிகாரம் இருக்கிறது. பாதை நிறுவனத்துக்குத் தெரியும், தேதி தெரியும், போன் எண்ணும் தெரியும். மூட்டை கட்டுவதற்கு முன்னால் அது வந்து சேர வேண்டும், தட்டில் வைத்த பிறகு அல்ல.